கறிவேப்பிலை மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

மே 12, திங்கள்

காலையிலேயே புழுக்கம். சாந்தோமில் இருந்துகொண்டு கடற்காற்றுக்கு ஏங்க வேண்டியிருக்கிறது. குழாயில் மறுபடி வெள்ளை உப்பு. வினிகர் போட்டுத் தேய்த்தேன். போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கியதிலிருந்து இதே கதை. காம்பவுண்டின் ஆறு வீட்டிலும் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஆர்.ஓ. மெஷின் வந்தாயிற்று.

காம்பவுண்டுக் கறிவேப்பிலை மரம் இன்னும் மஞ்சளாகிவிட்டது. நட்டவர் கீழ்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் (இனி ஸ்.டீ.). பாவம், தினமும் அண்ணாந்து பார்க்கிறார். மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வழக்கம்போல் பக்கெட்டில் பிடித்து மரத்துக்கு ஊற்றினேன். தண்ணீரும் வீணாகவில்லை.

மே 13, செவ்வாய்

வாங்க: உளுந்து, வினிகர், இவருக்கு பி.பி. மாத்திரை.

மரத்தடியில் அசோசியேஷன் செக்ரட்டரி, கூட மரம் வெட்டுகிற ஆள். வெட்டினால் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் போட இடம் கிடைக்குமாம்.

"சொம்மா காஞ்சி கீது சார். வெள்ளிக்கெழம வந்து எடுத்துர்றேன்."

எரிச்சலாக வந்தது. ஆறு வீட்டு ரசமும் இந்த இலையில்தான் மணத்தது. அதற்குள் ஒரு துளிர் விட்டால் போதும், தடுத்துவிடலாம். ஸ்.டீ.யும் அதையேதான் சொன்னார். சாயங்காலம் இரண்டு பக்கெட் ஊற்றினேன்.

மே 14, புதன்

வெயில். கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை. மரத்துக்கென்று ஒரு தவலையில் கழிவுத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். நல்ல தண்ணீர் என்று நினைத்து அதில் டிகாக்ஷன் போட்டுவிட்டேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னடி இது, உப்பைக் கரைச்சு வெச்சிருக்கே?"

தவலையில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. நல்லதை நமக்குக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் மெஷின் இதில்தான் தள்ளுகிறது. தெரியாத விஷயமா? யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நேற்று இரண்டு பக்கெட்! மரம் மஞ்சளானது இதனால்தான்.

மே 15, வியாழன்

மரத்துக்கு மெஷினின் நல்ல தண்ணீர், குடம் குடமாக. செக்ரட்டரியிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். "ஆளுக்குச் சொல்லியாச்சு மாமி." ஸ்.டீ.யிடம் சொல்ல வாய் வரவில்லை. முழங்கால் வலி.

மே 16, வெள்ளி

மேகம். மழை இல்லை. பதினோரு மணிக்குள் வேலை முடிந்தது. அடிக்கட்டை மட்டும் மிச்சம்.

சாயங்காலம் ஸ்.டீ. ஒரு தொட்டியோடு மேலே வந்தார். மரத்தின் வேரில் முளைத்திருந்த கன்று.

"நீங்க ஒருத்தர்தான் அதுக்குப் பாத்துப் பாத்துத் தண்ணி ஊத்துனீங்க மாமி. உங்ககிட்டயே இருக்கட்டும்."

கூசிப்போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமி, எங்க வீட்டு மெஷின் ட்யூபையே ஜன்னல் வழியா நேரா மரத்தடிக்குத்தான் விட்டிருக்கேன். வீணாப் போகக் கூடாதேன்னு."

தொட்டியைப் படியிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கன்று இப்போது என் பால்கனியில். நல்ல தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றினேன். குறைந்ததை நிரப்ப மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது. முக்கால் நிறைந்திருந்த பக்கெட் கழிவுத் தண்ணீரால் நிரம்பிவிட்டது. எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.