முப்பது கேண்டி ஆப்பிள்

செப்டம்பர் 9, செவ்வாய்
எங்கள் லைன் லீடர் கலைமணி அக்கா, மகள் பிறந்தநாளுக்கு குச்சியில் செருகிச் சர்க்கரைப் பாகில் முக்குகிற கேண்டி ஆப்பிள் முப்பது கேட்டிருக்கிறார். என் முதல் ஆர்டர். நன்றாக வந்தால் கம்பெனியில் எல்லாரிடமும் சொல்வாராம்.

செப்டம்பர் 11
ஏழு ஆப்பிள் வீண். கடை ஆப்பிளில் மெழுகு பூசியிருக்கிறான், பாகு வழுக்கிக்கொண்டு போகிறது. வெந்நீரில் முக்கித் துடைத்த பிறகுதான் பிடித்தது.

செப்டம்பர் 13, சனி
மதியம் எனக்கு ஷிப்ட். காலையிலேயே முப்பதையும் முடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் யேசுராஜுக்கு இன்று லீவு; அவர்தான் வாலாஜாபாத்தில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். "ஏங்க, நல்லா ஆறட்டும். அட்டைப்பெட்டில நிக்கவெச்சு எடுத்துனு போங்க. மூடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

செப்டம்பர் 14
அவருக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் பேக்கிங் வேலை. பம்பருக்குச் சுற்றுகிற பிளாஸ்டிக் சுருள் ஒன்று வீட்டில் கிடந்தது. சூடு ஆறுமுன்பே ஒவ்வொரு ஆப்பிளையும் நாலு சுற்று இறுக்கிச் சுற்றி, பைக்கில் வாலாஜாபாத் வரை கொண்டுபோயிருக்கிறார். உள்ளே வேர்த்து, பிரித்தபோது பாகு பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிட்டது.

"தூசி படக்கூடாதுனுதான் சுத்துனேன். எங்க லைன்ல ஒரு கீறல் வுழாது" என்கிறார். பம்பரும் ஆப்பிளும் ஒன்றா?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். அங்கே அக்காவிடம் என்னைப் பற்றி என்ன சொன்னாராம்? "ஜெர்சிக்கு இன்னும் பாகுப்பதம் வரல." அக்கா போனில் சொல்லித்தான் எனக்கே தெரியும். எப்படி மனசு வந்தது இந்த மனுஷனுக்கு?

செப்டம்பர் 16
டீ பிரேக்கில் மாரிசெல்வி, "இன்னா ஜெர்சி, ஆப்பிள் பாயாசமா ஆயிடுச்சாமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க சுத்துனதாலதான்னு அக்காகிட்ட சொல்லுங்க."

"வுடு ஜெர்சி. ஒரு ஆப்பிளு மேட்டரு."

உங்களுக்கு ஆப்பிள். போனது என் பேர்.

செப்டம்பர் 17
பேசவில்லை.

செப்டம்பர் 20, சனி
இரண்டு ஆப்பிள் செய்து, மூடாமல், கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "உன் வூட்டுக்காரர் நேத்து எங்க வூட்டுக்கு வந்தாரு. நான்தான் சுத்துனேன், பொய் சொல்லிட்டேன்னு தலைய குனிஞ்சுகினு நின்னாரு." ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஆயுத பூஜைக்கு லைனுக்கு நாற்பது கேட்டார்.

வீட்டில் அந்த மனுஷன் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. டிவி பார்க்கிறார். வாலாஜாபாத் வரை போய்ச் சொல்லத் தெரிந்தவருக்கு, அடுப்படி வரை வந்து என்னிடம் சொல்லத் தெரியவில்லை.

சோறு போட்டேன். அவராகச் சொல்லும்வரை பேசுவதாக இல்லை.