கோவாவுக்குப் போகாத என் மச்சானுக்கு

என் அருமை சடையா, ஓட்டத்தில் யார் கையிலும் சிக்காதவனே,

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோவாவில் எல்லாரும் போர்த்துகீசியம்தான் பேசுவார்கள் என்று நான் சொன்னது பச்சைப் பொய். அங்கே பேசுவது கொங்கணி. வெள்ளைக்காரன் நாம் பிறப்பதற்கு முன்பே மூட்டை கட்டிவிட்டான். நம் சமூக அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. நீதான் அந்த வகுப்பு முழுக்க ஜன்னல் வழியாகத் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தாயே.

பொறாமைதான் மச்சான், வேறென்ன? ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு உன்னை மாநில அணியில் எடுத்து, போட்டி கோவாவில் என்று தாள் வந்தது. கரியாலூரிலிருந்து இறங்கினால் கள்ளக்குறிச்சி, அதற்கு மேல் எதையும் பார்க்காதவன் கடலைப் பார்க்கப் போகிறாய். நான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பழைய பேப்பர் கடையில் ஒரு ஒல்லிப் புத்தகம் கிடைத்தது. பயணிகளுக்கான போர்த்துகீசிய வாக்கியங்கள், பக்கத்திலேயே இங்கிலீஷ். கொண்டுவந்து உன்னிடம் நீட்டினேன்.

"இத்தப் படிக்காமப் போனீனா குடிக்கத் தண்ணி கூட கெடைக்காது."

"போர்த்துகீசியம்னா இன்னாடா? போத்திக்கினு பேசறதா?"

"ஆமா. ஒங்க மலக்குளிருக்கு ஒனக்கு சுலபமா வரும்."

ஒரு நாளில் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீயோ ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டாய். திடலைச் சுற்றி ஓடிக்கொண்டே கத்துவாய். தப்பாகச் சொன்னால் இன்னொரு சுற்று. பார்த்துத் திருத்துவதற்காகவே நானும் படிக்க வேண்டியதாயிற்று. விடுதிச் சமையல்காரரிடம் தம்ளரை நீட்டி "ஆகுவா" என்றாய். "ஆகாது, வரிசைல நில்லு" என்றார் அவர். தண்ணீரைத்தான் கேட்கிறாய் என்று நான் சொல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

நீ கிளம்பும் அன்று, பேருந்து நகர்ந்த பிறகு ஜன்னலோரம் வந்து உண்மையைச் சொல்லிவிட்டு ஓடுவதாகத் திட்டம். உன்னிடமிருந்து தப்பிக்க எனக்கு ஒரு பேருந்தாவது தேவைப்பட்டது.

அதற்குள் மறியல் வந்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ஊர் ஊராகச் சாலையை அடைத்தார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள், நீ மலைக்குப் போனாய். எங்கள் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். எங்கள் ஊர் எல்லையில் விழுந்த மரத்துக்கு முதல் வெட்டு என் அப்பாவுடையது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மலையிலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. "மரத்துக்கு டிக்கெட் எடுத்தியாண்ணே?" என்று ஓட்டுநரைக் கேட்டேன். பின்னால் உன் அம்மா மடியில் நீ கிடந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தேன். அந்த வாயை நான் இனி என்ன செய்வது, சடையா?

"தம்பி, சாமக்காட்டுல பாம்பு தொட்டுட்டுதுடா. வழி வுடச் சொல்லுடா."

சாமைக் காட்டுக்குள் வெறுங்காலோடு போயிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஷூவைத் தேயக் கூடாது, கோவாவில்தான் போடணும் என்று பெட்டியில் பூட்டி வைத்திருந்தாயாமே. உனக்கு அறிவிருக்கிறதா? எதிரில் இருந்தால் அறைந்திருப்பேன்.

வழிவிட மாட்டேன் என்று ஒருத்தன் சொல்லியிருந்தால் அவனைத் திட்டித் தீர்த்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. அத்தனை பேரும் மரத்தைத் தள்ளினார்கள், அது அசையவில்லை. ஜீப் ஏறவில்லை. அப்பாதான் துண்டை உதறிப் போட்டுவிட்டு, "வூட்ல கட்டில் கீது, எடுத்துக்கினு வாங்கடா" என்று கத்தினார். கயிற்றுக் கட்டிலில் உன்னைப் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்னால் இடப்பக்கம் நான், வலப்பக்கம் அப்பா. ஒவ்வொரு மரத்துக்கும் கட்டிலை இறக்கி, அந்தப் பக்கம் ஆள் தாண்டி வாங்கி, மறுபடி தூக்கினோம்.

இரண்டாவது மரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "ஃபால்டா முய்டோ?" என்றாய். இன்னும் ரொம்ப தூரமா? அம்மாவுக்குப் புரியக் கூடாது என்றுதானே அந்தப் பாஷையில் கேட்டாய்? நானும் "நாவோ" என்றேன். இல்லை என்று. இன்னும் எத்தனை மரம் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் விழும்போது பக்கத்தில் நின்று விசில் அடித்தவன் நான்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் உன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

இப்போது மரங்களை எடுத்துவிட்டார்கள். பேருந்து ஓடுகிறது. நான் அப்பாவோடு பேசுவதில்லை. ஒரு நாள் அவரே ஆரம்பித்தார்.

"ஒனக்கு ஒரு எடம் கெடைக்கணும்னுதான்டா ரோட்ல நின்னோம்."

"எனக்கு எடம் கேட்டீங்க. அவனுக்கு வழி இல்லாமப் பண்ணிட்டீங்க."

"கேட்டது தப்பாடா?"

தப்பில்லை மச்சான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவர் யாருமில்லை. அதுதான் எனக்கு எரிகிறது. கேட்டதும் நியாயம், கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நியாயம். அப்புறம் நீ எந்த நியாயத்தில் செத்தாய்?

கருமாதிக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். இலையில் சாமைச் சோறும் கறியும் வைத்து, பக்கத்தில் அந்தப் புது ஷூவை வைத்திருந்தார்கள். உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, மரத்தாண்ட ஒன்னப் பாத்து இன்னாமோ கேட்டான். நீயும் பதில் சொன்ன. எனக்குத் தெரியாத பாஷ. இன்னாடா கேட்டான்?"

"கோவாவுல கடலு கீதான்னு கேட்டாம்மா. கீதுன்னேன்."

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்: எம்புள்ள வலியே தெரியாம கடலக் கேட்டுக்கினே போயிட்டான். அப்புறம் என் தலையைத் தடவி, "எந்தப் பாவி மரத்த வெட்டினானோ தெரியல. ஒங்கப்பாதான் மகராசன், கட்டில் குடுத்து அவுரே தூக்கினு வந்தாரு" என்றார்.

கறிச்சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன்டா. நான் சொன்ன பொய்யை எல்லாம் நானே உடைத்துச் சிரித்துவிடுவேன், உனக்குத் தெரியும். இது உன் கடைசிப் பேச்சாக உன் வீட்டிலேயே குடியேறிவிட்டது. அப்படியே விட்டால் அம்மா நிம்மதியாக இருப்பார். நானும் அப்பாவும் நல்லவர்களாக இருப்போம். நீதான் யாருக்கும் கேட்காமல் அந்த மரத்தடியிலேயே வழி கேட்டுக்கொண்டு கிடப்பாய்.

நேற்று அப்பாவிடம் போய், அந்த அம்மா அவரை மகராசன் என்று சொன்னதைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"ஞாயித்துக்கெழம போய் சொல்லப்போறேன். அவன் கேட்டதையும் சொல்லுவேன், நீங்க வெட்டுனதையும் சொல்லுவேன். நீங்களும் வரணும்" என்றேன்.

கை கழுவ ரொம்ப நேரம் ஆயிற்று. திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"கரியாலூருக்கு மொத பஸ் எத்தினி மணிக்கு?"

போகிறோம், சடையா. அம்மா கதவைச் சாத்தினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். ஒரு வார்த்தை கூட மாற்ற மாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட இன்னும் ஏறி வராத உன் மச்சான்,
குமரவேலு