ஒரு தொப்பியைத் துவைத்ததால் ஒரு நாடு தோற்காது என எழுதித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
சலவைக் கடைக்காரர்,
விளையாட்டு அரங்கின் பின்வாசலுக்கு எதிரே.
(‘நுரை’ என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.)

பெறுநர்:
வெளிநாட்டு அணிகளின் வசதிகளைக் கவனிக்கும் அலுவலர் அவர்கள்,
பன்னாட்டு பேஸ்பால் போட்டிக் குழு.

பொருள்: நேற்றைய அரையிறுதித் தோல்விக்கு என் மனைவி காரணம் அல்ல என்று எழுத்தில் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. போட்டிக்கு வந்துள்ள நாடுகளின் உடைகளை எங்கள் கடையே வெளுத்துத் தருகிறது. பேஸ்பாலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. யார் எந்த முட்டியில் விழுந்து சறுக்குகிறார் என்பது மட்டும் அத்துப்படி.

2. விடியும் நேரத்தில் எங்கள் மொட்டை மாடியைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். நாடுகளெல்லாம் கயிற்றில் தோளோடு தோள் உரசி நிற்கும். காற்று வந்தால் ஒரு நாட்டின் சட்டைக்கை இன்னொரு நாட்டின் இடுப்பை வளைத்துக்கொள்ளும். அந்த ஈர வெளிச்சத்தில் என் மனைவி நடந்து போகையில் கால் தரையில் பாவுகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். “கொஞ்சம் தள்ளி நில்லுப்பா” என்று சட்டைகளிடம் கொஞ்சிக்கொண்டே போவார். அந்தக் குரலில் என்னிடம் பேசியதே இல்லை. அது இம்மனுவில் சேராது.

3. அரையிறுதிக்கு முன் வந்த மூட்டையில், பந்து எறியும் வீரர் ஒருவரின் தொப்பி இருந்தது. என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி வியர்வையும் புழுதியும். அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. எங்கள் கடையில் சிவப்பு நூல் என்றால் ‘விடாப்பிடி அழுக்கு, இன்னொரு முறை போடு’ என்று பொருள். அவருக்கோ, ‘ஜெயிக்கும் வரை இதைத் தண்ணீரில் காட்டாதே’ என்று பொருளாம். பின்னால்தான் தெரிந்தது. என் மனைவி அதைத் தன் கையால் தேய்த்து, வெயில் தின்றுவிடாமல் நிழலில் உலர்த்திக் கொடுத்தார்.

4. அணி தோற்றது. அந்த வீரர் புதுசுபோலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை டிவியில் காட்டினார்கள். உடனே என் மச்சினி போன் செய்து, “அக்கா, உன் கை பட்டதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது, என்னா பளபளப்பு!” என்று பாராட்டினார். என் மனைவி அப்போதே பாதி உடைந்துவிட்டார். மீதியைத் தங்கள் உதவியாளர் உடைத்தார். மூட்டை எடுக்க வந்தவர், “என்னம்மா, ஒரு நாட்டையே சோப்பு போட்டு அனுப்பிட்டீங்களே!” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். நானும் சிரித்தேன். அதற்கான தண்டனையை வீட்டில் அனுபவித்து வருகிறேன்.

5. வென்ற அணியின் உடைகளும் அதே இயந்திரத்தில், அதே சோப்பில்தான் சுழன்றன. அப்படியானால் அந்த வெற்றியும் என் மனைவியுடையதுதானே என்று வாதாடிப் பார்த்தேன். “உங்க வாயை மொதல்ல துவைக்கணும்” என்றார்.

6. இன்று காலை அந்த வீரரே கடைக்கு வந்தார். மறுபடி புழுதி ஏறிய அதே தொப்பியை மேசைமேல் வைத்து, இரு கைகளாலும் தேய்ப்பதுபோல் காட்டிச் சிரித்தார். மாலையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டமாம். என் மனைவி தொப்பியைத் தொடவில்லை. “ஆபீசர் எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று மாடிக்குப் போய்விட்டார். நான் துவைக்கிறேன் என்று கை நீட்டினேன். வீரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகவே, ‘தொப்பியைத் துவைத்ததால் எந்த நாடும் தோற்காது’ என்ற ஒரு வரியை முத்திரையுடன் எழுதி, இம்மனு கொண்டுவருபவரிடமே கொடுத்தனுப்ப வேண்டுகிறேன். என் சொல்லை நம்பாதவர் முத்திரையை நம்புவார். மதியத்துக்குள் கிடைத்தால் ஆட்டத்துக்கு முன் உலர்ந்துவிடும்; வெயில் நன்றாக இருக்கிறது. வீரர் இன்னும் எங்கள் முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அடிக்கடி மாடிப்படியைப் பார்க்கிறார்.

நாள்: அரையிறுதிக்கு மறுநாள் காலை
இடம்: கடை மேசை

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
சலவைக் கடைக்காரர்