ஜன்னல் கம்பியில் மாட்டிப் பார்த்த பிளேயர்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

படகு இன்ஜினில் கியர் கைப்பிடி முறிந்துவிட்டது. மிச்சம் நிற்கும் துண்டை, கடித்தால் பூட்டிக்கொள்ளும் இடுக்கியான ஒரு லாக் பிளேயரால் கடிக்கவிட்டு, அதையே கைப்பிடியாக்கி ஓட்டுவான் என் மகன் செல்வம். எங்கள் பனித்திட்டுக் குப்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான். அந்தப் பழைய பிளேயர் கடலில் விழுந்துவிட்டது. நம் நாட்டு பிளேயர் வர ஒரு வாரமாகும் என்றார் பாகூர் கடை பாய். இவன் பாதி விலைக்குச் சீனாச் சரக்கை வாங்கி வந்துவிட்டான். நாளை விடிந்ததும் கடலுக்குப் போகிறானாம்.

"ஒரு வாரம் பொறுடா."

"மீன் ஓடுறப்போ வூட்ல குந்திக்கினு இருக்கவா? ரெண்டும் இரும்புதாம்மா."

அவன் குளிக்கப் போனதும் பிளேயரை ஜன்னல் கம்பியில் கடிக்கவிட்டு, தண்ணீர்க் குடத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தானாக வாயைத் திறந்தது. குடம் விழுந்து நசுங்கியது. அலை உடைகிற இடத்தில் அப்படித் திறந்தால் கியர் விழாமல் படகு குறுக்கே திரும்பும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

குடத்தைக் காட்டினேன். சிரித்தான். "இன்ஜின்ல எவம்மா கொடம் மாட்டப் போறான்?"

இந்தத் தெருவில் யாரிடமும் நான் கெஞ்சியதில்லை. பெற்ற பிள்ளையிடமும் கெஞ்சவில்லை. பிளேயரை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன்.

இப்போது பின்பக்கம் போய்ப் பார்த்தால், இன்ஜின் பக்கத்தில் கட்டுக்கம்பி எடுத்து வைத்திருக்கிறான். பிளேயர் கிடைக்காவிட்டால் கம்பியைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான்.

அரிசிக்குள் கைவிட்டு எடுத்துவிட்டேன். கம்பியைவிட இது கொஞ்ச நேரமாவது கடித்துப் பிடிக்கும். மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேத்தி புரண்டு, "ஆயா, லைட்ட அணை" என்கிறாள்.

அணைத்தால் விடிந்துவிடும்.