பரோலோ போத்தலின் கழுத்துப் பட்டி

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று நான்கு மணிக்கு, எங்கள் இத்தாலியன் சாப்பாட்டுக்கடை திறக்குமுன் நடந்த கூட்டத்தில், முதலாளி வின்ஸ், ரைலரின் தோளில் கைபோட்டு, “இனி எங்கள் வைன் பொறுப்பு இவர்தான்” என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஏன் தட்டினேன்?

ரைலருக்கு இருபத்தாறு வயது. வந்து எட்டு மாதம். நான் இங்கே பதினேழு வருடம். தட்டுக் கழுவினேன், பரிமாறினேன், சப்வே ரயிலில் படித்து மூன்று வைன் பரீட்சை எழுதினேன். இத்தாலிக்காரர் வைனுக்கு வைத்திருக்கும் நான்கு படிகளை – கீழே மேசை வைன், பிறகு ஐ.ஜி.ரி., டி.ஓ.சி., உச்சியில் டி.ஓ.சி.ஜி. – அவனுக்கு விரலில் எண்ணிக் காட்டியவளே நான்தான்.

பிறகு வின்ஸிடம் தனியாகக் கேட்டேன். “ஆனி, நீதான் இந்த இடத்தின் இதயம். ஆனால் வருகிறவர்கள் ஒரு விதமான ஆளை எதிர்பார்க்கிறார்கள். விளங்குதா?”

விளங்கியது. வின்ஸின் அப்பப்பா கலாப்ரியாவிலிருந்து வந்தவராம். இவனுக்கு இத்தாலியன் பத்துச் சொல்லும் தெரியாது. உள்ளே நின்று பாஸ்ரா அவிப்பது புங்குடுதீவு அன்புராசா அண்ணை. என்ன முகத்தை எதிர்பார்க்கினம்?

என் பெயர் ஆனி இல்லை. அன்ரனெற்.

செப்டம்பர் 11, வியாழன்

சீமோன் கேட்கிறார்: “உந்தக் குடிவகைக்காகவோ உமக்கு இவ்வளவு கோவம்?” குடிவகையாம்! கட்டின மனுசன்.

செப்டம்பர் 18, வியாழன்

புது வைன் லிஸ்ட் அச்சாகி வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில்: “தெரிவும் எழுத்தும் – ரைலர்.”

ஒவ்வொரு வரியும் என்னுடையது. 1716இல் தஸ்கனியின் பெருங்கோமகன் கியாந்தி வைனுக்கு எல்லை வகுத்த கதை நான் எழுதியது. போல்கெரிக் கடற்கரைக்காரர் சட்டம் சொன்ன திராட்சையை விட்டு வேறு திராட்சையில் வைன் செய்து, அதை ‘மேசை வைன்’ என்ற கடைசிப் படியிலேயே விற்க வேண்டி வந்ததையும், உலகம் அதைத் தேடித் தேடி வாங்கியதையும் எழுத ஒரு ஞாயிறு பூசைக்கே போகாமல் இருந்தேன்.

ஒரேயொரு இடத்தை ரைலர் மாற்றியிருக்கிறான். உச்சிப் படி வைனான பரோலோ முப்பத்தெட்டு மாதம் இருந்து பழக வேண்டும், அதில் பதினெட்டு மாதம் மரப் பீப்பாயில். அதைச் சுருக்கி, ‘பதினெட்டு மாதம்’ என்று போட்டிருக்கிறான். களவெடுத்ததையும் ஒழுங்காய் எடுக்கத் தெரியேல்லை!

செப்டம்பர் 23, செவ்வாய்

இதை எழுதி வைக்க வேண்டும்.

நாங்கள் பரோலோவைக் கிளாஸ் கணக்கிலும் விற்கிறோம். ஒரு போத்தலில் ஐந்து கிளாஸ். ஒரு நாளைக்கு மூன்று போத்தலாவது முடியும். டி.ஓ.சி.ஜி. வைன் என்றால் ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் அரசாங்கப் பட்டி ஒன்று ஒட்டியிருக்கும், அதில் அந்தப் போத்தலுக்கு மட்டுமே உரிய இலக்கம். வெள்ளிக்கிழமை பாரில் நின்ற போத்தலின் பட்டி ஓரம் கிழிந்திருந்தது, இலக்கம் 417இல் முடிந்தது. இன்றும் அதே கிழிசல். அதே 417. ஐந்து நாளாக முடியாத போத்தலா? தண்ணி வைனான கானாவூர்க் கல்யாணமா நடக்குது இங்கே?

ஒரு வாய் எடுத்துச் சுவைத்துத் துப்பினேன். பரோலோ இல்லை. பின்கதவடியில் காலிப் போத்தல் போடும் பெட்டியைக் கிளறினேன். எல்லாம் லாங்கே நெபியோலோ. அதே திராட்சை, பக்கத்து நிலம், ஒரு படி கீழே, பாதி விலை.

பட்டியைப் படம் எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 24, புதன்

போத்தலைப் பற்றிக் கேட்டதும் ரைலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வின்ஸ் சொன்னதைத்தான் செய்கிறேன்” என்றான்.

வின்ஸ் சிரித்தான். “அதே திராட்சைதானே ஆனி? உன்னைத் தவிர யாருக்குத் தெரியப்போகிறது?”

அப்போ எனக்குத் தெரியும் எண்டு உனக்குத் தெரியும்! பிறகு ஏனடா எனக்கு அந்தப் பொறுப்பைத் தரேல்லை? – இல்லை. அதனால்தான் தரவில்லை. நான் இருந்திருந்தால் இது நடந்திராது.

அன்புராசா அண்ணை வெங்காயம் வெட்டியபடி சொன்னார்: “பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு இரு. எனக்குப் பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு.”

செப்டம்பர் 27, சனி

இன்றும் ஊற்றினேன். ஒன்பது கிளாஸ். சிரித்துக்கொண்டு.

அக்டோபர் 3, வெள்ளி

முடிந்தது.

ஏழு மணிக்கு ஒரு வயதான சோடி வந்து என் மேசையில் இருந்தது. மில்லிக்கனில் இருந்து வருகிறார்களாம். ஐயாவின் பெயர் மரியரட்ணம், மன்னார்ப் பக்கம். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம். பேத்தி மேசை பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். பக்கத்து மேசைக்கு நான் வைன்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த அம்மா மெதுவாகத் தமிழில் கேட்டார்: “பிள்ளை எங்கட ஆளே? உதெல்லாம் எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறீர்?”

மரியரட்ணம் ஐயா லிஸ்டை மூடினார். “எங்களுக்கு உது ஒண்டும் தெரியாது. பேத்தி பரோலோ எண்டு சொல்லிவிட்டவள். நீர் ஊத்தித் தாரும், குடிக்கிறம்.”

நான் அதே 417 போத்தலுடன் நின்றேன். என்னை நம்பி இரண்டு கிளாஸ் நீண்டிருந்தன. பத்து நாள் தெரிந்துகொண்டே ஊற்றியவள் நான்.

“அங்கிள், உது வேண்டாம். உது பரோலோ இல்லை.”

அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். உரத்து. “இந்தப் போத்தலுக்குள் இருப்பது பரோலோ இல்லை. இரண்டு கிழமையாக இதே போத்தலை நிரப்பி நிரப்பி விற்கிறோம். நானும் விற்றேன்.”

முள்ளுக்கரண்டிச் சத்தங்கள் நின்றன. வின்ஸ் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தான். “கையை எடு” என்றேன். தமிழிலா, ஆங்கிலத்திலா? நினைவில்லை. எடுத்தான்.

மரியரட்ணம் ஐயா எழும்பி மனைவியின் கோட்டைப் பிடித்துப் போட்டுவிட்டார். இருவரும் போய்விட்டார்கள். அவர்களின் நாளைக் கெடுத்துவிட்டேன். அதற்கும் கோபம் – வின்ஸில், என்னில்.

வேலை போய்விட்டது.

அக்டோபர் 4, சனி

மதுபான உரிமம் பார்க்கும் அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். படங்களும். நான் ஊற்றியதையும் எழுதினேன். சீமோன் பக்கத்தில் இருந்து வாசித்தார். “உம்மட பேரையும் போடத்தான் வேணுமோ?” “ஓம்.” எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

அக்டோபர் 16, வியாழன்

அன்புராசா அண்ணையின் போன். கடைக்கு இரண்டு மதுபான உரிம அதிகாரிகள் வந்தார்களாம். எல்லாரும் ‘தெரியாது’ என்றார்களாம். “நான்தான் அந்தப் போத்தலை நிரப்பிற புனலை எடுத்துக் காட்டினனான். பென்சன் எப்பிடியும் வரும், பிள்ளை.” சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அழுதேன்.

நவம்பர் 13, வியாழன்

ஏழு நாள் உரிமத் தடை. ஏழே ஏழு நாள்! மறுபடி திறந்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வரிசை நிற்கிறதாம். ரைலர் அங்கேதான். அண்ணையும் அங்கேதான், அவர் இல்லாமல் சமையல் ஓடாதே.

பின்னேரம் ஸ்டெபனி என்றொரு பெண் அழைத்தாள். இத்தாலியிலிருந்து வைன் இறக்குமதி செய்யும் கொம்பனிக்காரி, வின்ஸுக்குப் பரோலோ விற்றது அவர்கள்தான். இங்கே மார்க்கம் நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. “அக்கா, அவை பரோலோ வாங்கிறது டிராப் ஆகி, லாங்கே மட்டும் ஏறினது. எங்களுக்கு அது வியர்டா இருந்தது. அந்த வைன் லிஸ்ட் நீங்கள் எழுதினதுதானே? எனக்கு அப்பவே தெரியும். ஒருக்கா வந்து கதைக்கேலுமா?”

நம்பவில்லை. போகவும் விருப்பமில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

வெளியே மைனஸ் பத்தொன்பது. இப்போது நான் வேலை செய்யும் ஸ்டெபனியின் இறக்குமதிக் களஞ்சியத்துக்குள்ளும் ஜாக்கெட்டோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது. எதை இறக்குமதி செய்வது என்று நான் முடிவெடுக்க, காலை பத்து மணிக்கு முப்பத்தொரு கிளாஸ் வரிசையாக. பார்த்து, மணந்து, சுவைத்து, துப்பி, எழுதினேன். பதினான்காவது கிளாஸ், பேர்போன வைன் குடும்பமொன்றின் புருனெல்லோ வைன், பெயரைச் சொன்னாலே ஆட்கள் எழும்பி நிற்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதினேன்.

ஸ்டெபனி பார்த்தாள். “ஷுவரா அக்கா?”

“ஓம்.”

அதைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டு, பதினைந்தாவதை என் பக்கம் தள்ளினாள்.