கலங்கல் தண்ணீரில் நாற்பது கூடைகள்

மார்ச் 4, செவ்வாய்

தூர்வாரும் இயந்திரம் கழிமுகத்துக்கு வந்து பதினாறு நாளாகிறது. தண்ணீர் பால் விட்ட தேநீர் போலக் கிடக்கிறது. எங்கள் சிப்பிக் கூடைகள் நாற்பதும் அதற்குள்தான் தொங்குகின்றன. கொழுந்தனுடைய குடாவில் தெளிந்த நீர். "மாசக் கடைசியில படகு கிடைக்கும். எல்லாத்தையும் தம்பிகிட்ட கொண்டு போயிடலாம்" என்கிறார் இவர். போன தடவை இடம் மாற்றியபோது மூன்றில் ஒரு பங்கு செத்தது. விட்டுவைத்தாலோ, சேற்றில் பட்டினி கிடந்து மொத்தமும் போகலாம். எது சரி?

மார்ச் 9, ஞாயிறு

நூலகத்து விலங்கியல் புத்தகத்தை அகராதியோடு மூன்றாம் முறை படித்தேன். சிப்பி செவுளால் தண்ணீரைச் சலிக்கிறது. சலித்ததை வாயருகே உள்ள சின்ன மடல்கள் வாங்கி, இரையை உள்ளே அனுப்பி, மண்ணைச் சளியில் சுருட்டி வெளியே தள்ளுகின்றன. நான் பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி. கலங்கல் நீரில் சில சிப்பிகளுக்குச் செவுள் சிறுத்து மடல் பெருத்துவிடுமாம். முறத்தை உடம்பிலேயே வைத்து அனுப்பியிருக்கிறானே ஆண்டவன்!

நம்முடையவை மாறுமா? ஒன்றைத் திறந்து, மடலைக் கட்டம் போட்ட தாளில் பரப்பி எண்ணினேன். 118 கட்டம்.

இவர் எட்டிப் பார்த்தார். "சமையல்கட்டுல போஸ்ட்மார்ட்டமா?"

மார்ச் 10

ஏப்ரல் முடியும்வரை பொறுக்கச் சொன்னேன். "சரி, டாக்டரம்மா." முகத்தில் சிரிப்பில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்னொன்றைத் திறந்தேன். மடல் 171! பிரார்த்தனையில் அழுதே நன்றி சொன்னேன்.

மார்ச் 28

கொழுந்தன் வந்திருந்தார். நான் திறந்த இரண்டு சிப்பிகளின் ஓடுகளையும் பார்த்தார். "அண்ணி, இது அதைவிடப் பெருசாச்சே. பெரிய ஆளுக்குப் பெரிய வாய். இதுல என்ன அதிசயம்?"

ஐயோ. ஓட்டின் நீளத்தை அளக்கவே இல்லையே நான்! செவுளையும் எண்ணவில்லை. ஒரு புட்டி எண்ணெய் எத்தனை நாள் வந்தது என்று எழுதி வைக்கிறவள் — எனக்கா இப்படி? இவர் எழுந்து கூடைகளைப் பார்க்கப் போனார். திட்டியிருக்கலாம்.

சொன்ன நன்றியை என்ன செய்வது? ஆண்டவனிடம் திருப்பிக் கேட்பது மரியாதையில்லை. முன்கூட்டிச் சொன்னதாக இருக்கட்டும்.

மார்ச் 29

ஒன்றும் ருசுவாகவில்லை, படகுக்குச் சொல்லிவிடுங்கள் என்றேன். "நீ கேட்ட நாள் இன்னும் முடியலையே" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

கொழுந்தன் தன் குடாவிலிருந்து ஆறு சிப்பி கொடுத்தனுப்பினார். எங்களுடையதில் ஆறு. எல்லாம் ஒரே நாளில் விட்ட குஞ்சுகள். பன்னிரண்டும் எட்டு சென்டிமீட்டர், ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சராசரி: அங்கே செவுள் 1140, மடல் 119. இங்கே செவுள் 1060, மடல் 158. இரண்டு முறை எண்ணினேன். பிறகு இவரை எண்ணச் சொன்னேன். கழுத்து வலிக்கிறது என்று முனகிக்கொண்டே எண்ணினார். அதேதான்.

ஆனால் மடல் பெருத்தால் போதுமா? உடம்பு தேற வேண்டாமா?

ஏப்ரல் 14

படகுக்காரர் வந்தார். இவரே தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

திறந்த பத்திலும் ஓடு நிறையச் சதை கிடக்கிறது. குடாச் சிப்பியைவிடக் கொஞ்சம் இளைப்புதான்; பட்டினி இல்லை. நாற்பது கூடையிலும் செத்தவை பதினொரு சிப்பிகள்தான். இவர் ஒன்றை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். "அது கணக்குல இருக்கே!" என்று கத்தினேன். "தின்னதுன்னு எழுதிக்கோ."

மே 18, ஞாயிறு

இயந்திரம் போகவில்லை, தண்ணீரும் தெளியவில்லை. கொழுந்தன், குடாவில் இடம் காலியாக இருக்கிறது என்று கூப்பிட்டார். முழங்கால் சேற்றில் நின்றபடியே இவர் போனில், "வேணாம்டா, இங்கயே போடறோம்" என்றார்.

புதுக் குஞ்சுகள், பன்னிரண்டு கூடை. இவர் கயிற்றைப் பிடிக்க நான் இறக்கினேன். ஒரு முழம் போனதும் கூடை கண்ணில் படவில்லை. அடுத்ததை எடுத்தேன்.