பின் சீற்றுக்கு ஒரு பெல்ட்

ஒக்டோபர் 15, சனி (1988)

விடிந்தது முதல் மழை. சைக்கிளில் ஹென்னிங் வீட்டுக்கு. ஹொல்ஸ்டெப்ரோவில் காற்று எந்நாளும் எதிர்க்காற்றுத்தான், போகும்போதும் எதிர், திரும்பும்போதும் எதிர். சப்பாத்து ஊறிப்போச்சு.

பழைய கியர்ப் பெட்டி இறக்கியாச்சு. புது ஐந்து கியர்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தோம். பழைய இடத்தில் இருக்காது. நீளம் கூட. தரைத் தகட்டை வெட்ட வேண்டும். நான் முந்தியே சொன்னேன், ஹெ. கேட்கவில்லை.

இந்த மனுசனுக்கு விசர். இறைச்சித் தொழிற்சாலையில் லொறி ஓட்டுகிறவர், என்னோடு ஒரே ஷிஃப்ட். அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார் ஒன்றைக் கொட்டிலில் வைத்துக்கொண்டு உயிரை விடுகிறார். இரண்டு கதவு, எஞ்சின் மூடி மட்டும் ஒரு கட்டில் அகலம். வெளி உடம்பு பழசு. உள்ளே எல்லாம் புதிது: எஞ்சின், கியர், பின் அச்சு, டிஸ்க் பிறேக், சொக் அப்சோபர். "பழசாத் தெரியவேணும், புதுசா ஓடவேணும்" என்கிறார். ஊரில், மன்னாரில், லொறிக்குப் பிறேக் கட்டித் திரிந்த எனக்கு வேறென்ன வேலை சனிக்கிழமைகளில்? அறையில் இருந்தால் சுவரைப் பார்க்க வேண்டும்.

பின் சீற் வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நின்றார், பாரம் கூடுமாம். "என்ரை மனிசி ஜெசிந்தாவும் மகளும் வந்து இறங்கினா எங்க இருத்துவாய், கூரையிலயா?" என்று கேட்டேன். அதன்பிறகு அவரே பின் சீற்றுக்கு இடம் அளந்தார். அவர்களைக் கூட்டிவரக் கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு இந்தக் காரில்தான் போவோம் என்று அவர்தானே சொன்னவர்.

ஒக்டோபர் 18, செவ்வாய்

வேலை முடிந்து பொலிஸ் கந்தோர். குடும்பத்தை இங்கே எடுக்கிற விண்ணப்பம் பற்றிக் கேட்க. அதே பொம்பிளை, அதே சிரிப்பு. "டெஸ்வேர." இந்த நாட்டில் நான் முதல் படித்த டேனிஷ் சொல் இதுதான். "வருந்துகிறோம்" என்று அர்த்தம். அவள் வருந்துகிற மாதிரித் தெரியவில்லை. குளிர்ச் சட்டை புதிது, நல்ல பச்சை.

அறைக்கு வந்தால் சிவம் அண்ணை சோறு வடித்துக்கொண்டு நிற்கிறார். அவரும் மனிசியையும் மகளையும் எடுக்க எழுதிப் போட்டுக் காத்திருக்கிறவர்தான்.

"என்னடாப்பா, ஏதும் சொன்னவையோ?"

"சொன்னவை. டெஸ்வேர."

"அப்ப எனக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறாய். நான் நாளைக்குப் போகத் தேவையில்லை."

இருவரும் சிரித்தோம். சோறு குழைந்துபோச்சு.

ஒக்டோபர் 29, சனி

ஜெ.யின் கடிதம். போட்டது ஓகஸ்டில். ஊரில் எல்லாரும் சுகமாம். சுகமில்லை என்றால் எழுதவா போகிறாள்.

உள்ளே நூல். தையல் மெஷின் வெள்ளை நூல், இரண்டு முடிச்சு. எங்கள் பக்கத்தில் சட்டை தைக்கக் கொடுப்பதென்றால் இப்படித்தான், பிள்ளையை நிறுத்தி நூலால் அளந்து முடிச்சுப் போட்டு அனுப்புவது. அளவுநாடா வீட்டில் இருந்தாலும் ஜெ. நூல்தான் பிடிப்பாள். மகள் டிலானிக்குக் குளிர் உடுப்பு வாங்கவென்று முதலில் கேட்டேன். பிறகு, கதிரையில் இருத்தித் தோள்மட்டம் வரை ஒரு முடிச்சும் போடு என்று எழுதினேன். பெல்ட்டுக்கு.

நூலைக் கொண்டு ஓடினேன். பின் சீற்றுக்குப் பக்கத்துத் தூணில் இரும்புப் பட்டை ஒன்று பற்றவைத்து, கோடையில் வந்த முதல் நூலுக்கு அளவாய் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். தோள்பெல்ட்டின் மேல் முனை அதில் பூட்டும். புது நூலைப் பிடித்துப் பார்த்தால் பிள்ளை ஓட்டைக்கு மேலே போய்விட்டாள். இந்தப் பெல்ட் இப்போது அவளின் கைக்குக் குறுக்கே இழுக்கும்.

இரண்டாவது ஓட்டை போட்டேன்.

நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். தரையில் கிடந்த என் பையின் வாரைப் பிடித்து வாயில் வைத்தாள்.

வேறு: சவர்க்காரம் முடிந்தது. சைக்கிள் ரயருக்குக் காற்று அடிக்க வேண்டும்.

நவம்பர் 5, சனி

கியர்ப் பெட்டி ஏறியாச்சு. தரைத் தகட்டின் மேட்டை வெட்டி, புதுத் தகடு வளைத்து, பற்றவைத்து. சுழல்தண்டு நீளம் கூடிவிட்டது, அதையும் வெட்டிக் குறுக்கக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்திருக்கிறது. கண் எரிகிறது.

ஹெ.யின் மனிசி கேர்ஸ்ரன் கோப்பியும் கேக்கும் கொண்டுவந்தா. பின் சீற்றில் ஏறி இருந்து பார்த்தா. "சின்னப் பிள்ளைக்குக் கீழ ஒரு மெத்தை வேணும்" என்றா. சிவப்பில் தைத்துத் தருவாவாம். பாவம், நல்ல மனுசி. என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்பானர் தேடுகிறதுபோல வெளியே போய்விட்டேன்.

நவம்பர் 13, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் ரெலிபோன். ஜெ. கொழும்பிலிருந்து! சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கிறாளாம், மகளோடு. மன்னாரில் இனி இருக்க ஏலாதாம். ஏன் என்று கேட்டேன். "ரெலிபோனில எல்லாம் கதைக்கலாமோ?" என்றாள்.

விசயம் இதுதான். கனடாவில் இருக்கிற அவளின் அண்ணன் காசுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்திருக்கிறார். டிசம்பரில், நத்தாருக்குக் கிட்ட ஒரு கூட்டம் வெளிக்கிடுகிறது. அதோடு இவர்கள் இருவரையும் கனடாவுக்கு அனுப்பலாமாம். எந்த நாட்டால், எந்தப் பாஸ்போட்டில், ஒன்றும் தெரியாது.

"நீங்கள் சொல்லுங்கோ. நிக்கவோ, போகவோ?"

"கொஞ்சம் பொறு. இஞ்ச முடிவு வரும். சட்டத்தில எங்களுக்கு உரிமை இருக்கு."

"போன நத்தாருக்கும் இதைத்தான் சொன்னனீங்கள்."

மகளிடம் கொடுத்தாள். "அப்பாட்ட கதை பிள்ளை." மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "அம்மா, இந்த மாமா ஒண்டும் கதைக்கிறார் இல்லை."

நான் கதைத்துக்கொண்டுதான் இருந்தேன். வாய்க்குள் நின்றுவிட்டதுபோல.

அவள் கனடா போனால் நான் இங்கே. என்னை அங்கே எடுக்க அவள் எழுதிப் போட வேண்டும். அங்கேயும் ஒரு கந்தோர், ஒரு பச்சைச் சட்டை இருக்கும். போகவில்லையென்றால் கொழும்பில் ஒரு அறை, பொலிஸ் பதிவு, அவளும் பிள்ளையும் தனிய. எதைச் சொன்னாலும் பிழை. மாதாவே.

நவம்பர் 24, வியாழன்

ஹெ.க்கு எல்லாம் சொன்னேன். டேனிஷில் பாதி, கையால் பாதி. முகம் சிவந்துபோச்சு. "பொறு. இது டென்மார்க். சட்டத்தில இருந்தா நடக்கும்." உடனே வீட்டுக்குள் கூட்டிப்போய், முடிவு சொல்கிற கொப்பன்ஹேகன் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். முதலில் சிரித்துக் கதைத்தார். பிறகு எழும்பி நின்று கதைத்தார். பிறகு கத்தினார். கேர்ஸ்ரன் கதவைச் சாத்தினா.

"கோப்பு மேசையில இருக்காம்."

"எந்த மேசை?"

"அதைத்தான் நானும் கேட்டன்." வயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். "சொல்லுறாங்கள் இல்லை."

இந்த மனுசனை இப்படி நான் கண்டதில்லை. நான் போய் அவரைத் தேற்ற வேண்டியதாய்ப் போச்சு. என்ன கோதாரி இது.

பிறகு இருவரும் கொட்டிலுக்குப் போய்ப் பின் சொக் அப்சோபர் பூட்டினோம். அவர் நட்டை இறுக்கின இறுக்கில் மரை போய்விட்டது.

டிசம்பர் 3, சனி

எஞ்சின் ஸ்ரார்ட்! இரண்டாம் அடியில் பிடித்தது. கொட்டில் கூரையில் இருந்து தூசி கொட்டியது. ஹெ. என்னைக் கட்டிப்பிடித்தார், உடம்பெல்லாம் கிறீஸ். பண்ணை ஒழுங்கையில் ஒரு ஓட்டம். பழைய ஸ்பிரிங்கோடு முந்தி ஓடியபோது தோணி மாதிரி ஆடினது. இப்போது குழியில் விழுவதே தெரியவில்லை. பிறேக் மிதித்தால் அந்த இடத்திலேயே நிற்கிறது.

நான் முன்னுக்கு இருக்கவில்லை. பின் சீற்றில் இருந்தேன். அவளின் இடத்துக்குப் பக்கத்தில். கேர்ஸ்ரனின் சிவப்பு மெத்தையில் ஒரு கையை வைத்துக்கொண்டு. வளைவில் திரும்பும்போது மெத்தை நழுவுகிறதா என்று பார்க்கத்தான். நழுவவில்லை.

ஒரு பத்து நிமிசம் சந்தோசமாய் இருந்தேன். எழுதி வைக்கிறேன்.

நூல் வரவில்லை. கேட்டு எழுதவும் இல்லை. ஓகஸ்டில் அந்த அளவென்றால் இப்போது எவ்வளவு இருப்பாள்? சிவம் அண்ணை தன் மகள் வளர்ந்த கணக்குச் சொன்னதை வைத்து, விரலால் அளந்து, மூன்றாவது ஓட்டையும் போட்டேன். கண்மதிப்புத்தான். பெல்ட்டை இரண்டாவதிலேயே விட்டிருக்கிறேன்.

டிசம்பர் 15, வியாழன்

உறைபனி. அரை நாள் லீவு. ரோட்டில் ஓட்ட அனுமதி எடுக்கக் காருக்குப் பரிசோதனை. கடுமையானவங்கள், துருப்பிடித்த ஒரு பொட்டுக்கே திருப்பி அனுப்புவாங்கள் என்று ஹெ.க்கு இரவெல்லாம் நித்திரை இல்லை.

பரிசோதகர் மெலிந்த கிழவர். கீழே படுத்து, சுத்தியலால் தட்டி, லைற் அடித்து, பற்றவைத்த எல்லா இடத்தையும் தடவிப் பார்த்தார். எஞ்சின் வேறு காரின் எஞ்சின், கியர் இன்னொன்றின் கியர், பின் அச்சு மூன்றாவதின் அச்சு. ஒவ்வொன்றுக்கும் கேள்வி. ஹெ. பதில் சொல்ல அவர் குறித்தார். பின் சீற்றைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இதென்ன மூண்டு ஓட்டை?"

ஹெ. என்னைக் காட்டினார். "இவரின்ரை பிள்ளைக்கு. பிள்ளை வரச் சுணங்குது. சுணங்கச் சுணங்க ஓட்டை மேல போகுது."

கிழவர் பட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பற்றவைத்த இடம் அசையவில்லை. "இப்ப எவ்வளவு உயரம்?" என்று என்னைக் கேட்டார். கையால் காட்டினேன். காட்டிய பிறகுதான் தெரிந்தது, கை அந்தரத்தில் நிற்கிறது, எங்கே நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ். அங்கேயே முத்திரை குத்திக் கையில் தந்துவிட்டார். எங்கெங்கோ பொறுக்கிப் பூட்டின சாமான் எல்லாம் ஒரு கார்தான் என்று ஒரு காலைக்குள் ஒத்துக்கொண்டார்கள்.

ஹெ. வழி முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 18, ஞாயிறு

ஜெ. எடுத்தாள். ஏஜென்சிக்காரனுக்கு இன்றைக்கே மறுமொழி வேண்டுமாம். நேற்றுப் பொலிஸ் வந்து வீட்டைச் சோதனை போட்டார்களாம். சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பின்னேரம் விட்டார்களாம். பிள்ளை பயத்தில் காய்ச்சல்.

"போ" என்றேன்.

"உண்மையாவோ?"

"ஓம். உன்ரை அண்ணர் சொன்னபடி செய். பிள்ளையின்ரை கையை விடாதை."

"கார் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

அழுதாள். அல்லது லைன் இரைந்தது. கட் ஆகிவிட்டது. திரும்ப எடுக்கவில்லை. நான் திரும்ப எடுக்க என்னிடம் நம்பர் இல்லை, அவள் கதைத்தது கடை ரெலிபோனில்.

சிவம் அண்ணை எழும்பினார். தேத்தண்ணி போட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். ஆறின பிறகு குடித்தேன்.

டிசம்பர் 21, புதன்

சித்தப்பாவின் தந்தி. "புறப்பட்டுவிட்டார்கள்." வேறொன்றும் இல்லை. எங்கே, எதில், எப்போது, கேட்க ஆள் இல்லை. இனி அவர்களாக எடுத்தால்தான் உண்டு.

வேலைக்குப் போனேன். கத்தி இரண்டு தரம் தவறி விழுந்தது. பெட்டி அடுக்க விட்டார்கள்.

டிசம்பர் 22, வியாழன்

பனி கொட்டுகிறது. வேலையால் வர, பொலிஸ் கந்தோரிலிருந்து கடிதம். விண்ணப்பத்தோடு கொடுத்த மகளின் படம் பழையதாம், கைக்குழந்தையாய் இருந்தபோது எடுத்ததாம். புதுப் படம் வேண்டும். நாளைக்கு வரட்டாம்.

இவ்வளவு காலமும் படம் பழசாகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படம் பழசு என்கிறார்கள். நாசமாய்ப் போவார்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நிற்கும்போதுதான் ஹெ. வந்தார், காரில். வாங்கி வாசித்தார். இரண்டு தரம். முகம் மலர்ந்துபோச்சு.

"இதப் பார்! கேக்கிறாங்கள்! கேக்கிறாங்கள் எண்டா கோப்பைத் திறந்திட்டாங்கள்!" என் முதுகில் அடித்தார். "நான் சொன்னனான் எல்லே, சட்டம் இருக்கெண்டு! நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். இந்தக் காரில."

பிறகு, ஒன்று காட்ட வேண்டும் என்று பின் பக்கக் கண்ணாடியைக் கையால் துடைத்தார். உள்ளே சிவப்பு மெத்தை. தோள்பெல்ட் மூன்றாவது ஓட்டைக்கு ஏறியிருந்தது. அவரே கழற்றிப் பூட்டியிருக்கிறார், நன்றாய் இறுக்கி.

"வளந்திருப்பாள்" என்றார்.

ஓம் என்றேன்.

ஜெ.யிடம் போ என்று சொல்லிவிட்டதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.